முந்தின வரி என்ன?

பத்து வருஷத்துக்கு முன்னால் எங்கள் சபை வாலிபர் கூட்டத்தில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். இறையியல் படித்தவன் இல்லை. அந்தச் சமயத்தில்தான், வேதாகமத்தில் சேராத பழைய நூலான தோமா சுவிசேஷத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்று கைக்கு வந்து, இரண்டே ராத்திரியில் படித்து முடித்திருந்தேன். மொத்தம் 114 வாக்குகள். பிறப்புக் கதை இல்லை, அற்புதங்கள் இல்லை, சிலுவைப்பாடு இல்லை, உயிர்த்தெழுதலும் இல்லை. இயேசு சொன்னார், இயேசு சொன்னார் என்று ஒன்றன்பின் ஒன்றாக வாக்குகள் மட்டும்.

அதில் 77-ஆவது வாக்கு என்னைப் பிடித்துக்கொண்டது. "கட்டையைப் பிளவுங்கள், நான் அங்கே இருக்கிறேன். கல்லைத் தூக்குங்கள், அங்கே என்னைக் காண்பீர்கள்." தமிழ்ப் பிள்ளை எவனுக்கும் உடனே நினைவுக்கு வருவது எனக்கும் வந்தது: தூணிலும் இருப்பார், துரும்பிலும் இருப்பார். இயேசுவின் சீடரான தோமாவின் கல்லறை இருப்பதாக நம்பப்படுவது மயிலாப்பூரில். இரண்டையும் முடிச்சுப் போட்டு, தோமா இந்த மண்ணில் கற்றதைத்தான் இங்கே எழுதியிருக்கிறார் என்று நாற்பது நிமிஷம் பேசினேன். பிள்ளைகள் ரசித்துக் கேட்டார்கள்.

கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்தார். சர்வே துறையில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"நல்லா பேசினீங்க தம்பி. அந்த வரிக்கு முந்தின வரி என்ன?"

எனக்குத் தெரியவில்லை. புறநானூறு நடத்தும்போது ஓர் அடியைத் தனியாகப் பிய்த்து அர்த்தம் சொல்லும் மாணவனிடம் நான் கேட்கிற அதே கேள்வி. வீட்டுக்குப் போனதும் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அன்றைக்குத்தான் இந்த நூலை உண்மையில் படிக்கத் தொடங்கினேன் என்று சொல்ல வேண்டும்.

முதலில் ஏட்டைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. 1945-இல் எகிப்தில் நாக் ஹம்மாடி என்ற ஊருக்குப் பக்கத்தில் கிடைத்த பழஞ்சுவடிகளில் இரண்டாவது சுவடிக்குள் இந்தச் சுவிசேஷம் முழுசாக இருக்கிறது. மொழி காப்டிக், அதாவது எகிப்தியர்களின் பழைய மொழி. காலம் நான்காம் நூற்றாண்டு. ஆனால் இது மொழிபெயர்ப்புதான். இதற்கு முந்தைய கிரேக்கத் துண்டுகள் மூன்று ஏற்கெனவே கிடைத்திருந்தன. ஆக்ஸிரிங்கஸ் என்ற பழைய நகரத்தின் குப்பைமேடுகளை கிரென்ஃபெல், ஹண்ட் என்ற இரண்டு ஆங்கிலேயர் தோண்டியபோது, 1897-இல் முதல் துண்டு வெளியே வந்தது. உ.வே.சா. புறநானூற்றைப் பதிப்பித்தது 1894. ஒரே காலத்தில் இரண்டு இடங்களில் செல்லரித்த ஏடுகளோடு மனிதர்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள் என்று நினைத்தால் எனக்கு மனசு நிறைந்துவிடும். அந்தக் கிரேக்கத் துண்டுகள் தோமா சுவிசேஷத்தைச் சேர்ந்தவை என்று 1952-இல்தான் புயேஷ் என்ற பிரெஞ்சு அறிஞர் கண்டுபிடித்தார். அதுவரை அவை எந்த நூலின் பகுதி என்று தெரியாமலே ஐம்பது வருஷத்துக்கும் மேல் இருந்தன.

அந்த மூன்றில் ஒன்று, 654 என்று எண்ணிட்டது, ஒரு நில அளவைப் பட்டியலின் பின்பக்கத்தில் எழுதப்பட்டது. இதைச் சர்வே ஐயாவிடம் போய்ச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "எங்க ஆளு கணக்கெழுதின தாள்லயா!" என்று எழுந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகுதான் சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் ஐந்தாறு பேர் உட்கார்ந்து வாசிக்கும் வழக்கம் வந்தது. ஐயா, ஓய்வு பெற்ற நர்ஸ் அக்கா ஒருவர், இறையியல் படித்துக்கொண்டிருந்த ஒரு தம்பி, அப்புறம் என் மனைவியும் நானும். ஒரு நாளைக்கு இரண்டு வாக்கு, அதிகம் போனால் மூன்று. அதற்கு மேல் போகவே முடியவில்லை.

இனி அந்த 77-க்கு வருகிறேன். அதன் முந்தின வரிகள் இவை: "எல்லாவற்றுக்கும் மேலான வெளிச்சம் நான். எல்லாமும் நான். எல்லாம் என்னிலிருந்து புறப்பட்டது, எல்லாம் என்னிடம் வந்து சேர்ந்தது." இதை மட்டும் பார்த்தால் என் பேச்சு தப்பில்லை என்றுகூடத் தோன்றும். ஆனால் கிரேக்கத் துண்டில் கல்லும் கட்டையும் இந்த இடத்திலேயே இல்லை. அங்கே அவை வருவது 30-ஆவது வாக்கின் முடிவில். அந்த வாக்கின் தொடக்கம் சிதைந்திருக்கிறது. கடைசிப் பகுதி தெளிவு: ஒருவன் தனியாக இருக்கும் இடத்தில் நான் அவனோடு இருக்கிறேன். அதை ஒட்டி உடனே, "கல்லைத் தூக்கு, அங்கே என்னைக் காண்பாய். கட்டையைப் பிள, நானும் அங்கே இருக்கிறேன்."

தலைகீழாக மாறிவிட்டது பாருங்கள். காப்டிக்கில் வெளிச்சம், எல்லாம், பிரபஞ்சம். கிரேக்கத்தில் தனியாகக் கல் தூக்குகிற ஒருவன், தனியாக விறகு பிளக்கிற ஒருவன். "இரண்டுபேராவது மூன்றுபேராவது என் நாமத்தினாலே எங்கே கூடியிருக்கிறார்களோ" என்று மத்தேயுவில் மனப்பாடமாகச் சொல்லி வளர்ந்த எங்களுக்கு, துணைக்கு யாருமே இல்லாதவனிடம் சொல்லப்படுகிற இந்த வாக்கு உள்ளே இறங்கியது. எங்கள் அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. "கல்லுகளைப் பேர்க்கிறவன் அவைகளினால் காயப்படுவான், மரத்தைப் பிளக்கிறவன் அதினால் மோசப்படுவான்" என்ற பிரசங்கி 10:9 இதன் பின்னால் இருக்கலாம் என்று சில அறிஞர்கள் சொல்கிறார்கள். கல், மரம் என்ற வரிசையும் ஒத்துவருகிறது. எனக்கும் அது சரியென்றே படுகிறது: ஆபத்தான வேலையில் தனியாக இருப்பவனுக்கு ஒரு வாக்குறுதி.

அப்படியானால் காப்டிக்கில் இது ஏன் இடம் மாறியது? ஏன் கட்டை முன்னால் வந்தது? இறையியல் தம்பி கல்லூரி நூலகத்திலிருந்து சொல்லுக்குச் சொல் அர்த்தம் போட்ட பதிப்பு ஒன்றைக் கொண்டுவந்தபோது அதற்கும் விடை கிடைத்தது. 'எல்லாம் என்னிடம் வந்து சேர்ந்தது' என்பதில் சேர்தலுக்கு உள்ள காப்டிக் சொல் 'போஹ்'. 'கட்டையைப் பிள' என்பதில் பிளத்தலுக்கு உள்ள சொல்லும் 'போஹ்'. ஒரே ஒலி, இரண்டு பொருள். ஒரு வாக்கின் முடிவில் நின்ற சொல் அடுத்ததைக் கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறது. அந்தாதி! இருபது வருஷமாக வகுப்பில் நான் நடத்துகிற அந்தாதித் தொடை. கட்டை முன்னால் வந்ததற்குக் காரணம் அந்தச் சொல் ஒட்ட வேண்டும் என்பதுதான். தூணையும் துரும்பையும் நான் கொண்டுவந்து நுழைத்த இடத்தில் உண்மையில் இருந்தது ஒரு சொல்லின் ஒலி.

இந்த இழுப்பு நூல் முழுக்க இருக்கிறது. 25-இல் "உன் சகோதரனைக் கண்மணி போலக் காத்துக்கொள்" என்று முடியும். 26 "உன் சகோதரன் கண்ணில் இருக்கிற துரும்பு" என்று தொடங்கும். கண்ணும் சகோதரனும் அடுத்ததை அழைத்து வருகிறார்கள். எல்லா வாக்குகளுக்கும் இது பொருந்தாது. ஆனால் பொருந்துகிற இடத்தில், தொகுத்தவரின் கை எப்படி வேலை செய்தது என்பது தெரிகிறது. வாக்கு ஒருவருடையது, வரிசை இன்னொருவருடையது. தொகை நூல் படித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

நாங்கள் செய்த உருப்படியான காரியம் ஒன்று உண்டென்றால், ஒவ்வொரு வாக்கையும் ஒரு நோட்டில் தமிழில் எழுதிப் பார்த்தது. ஆங்கிலத்தில் வழுக்கிக்கொண்டு போவது தமிழில் எழுதப்போனால் நின்றுவிடும். 77-ஐ எழுதும்போது 'தூக்கு'வா 'தூக்குங்கள்'ளா என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் ஒருவருக்கும் பலருக்கும் ஒரே சொல்தான். தம்பி பார்த்துச் சொன்னார்: கிரேக்கத்தில் 'காண்பாய்' என்று ஒருமை, காப்டிக்கில் 'காண்பீர்கள்' என்று பன்மை. தனியாக இருப்பவனிடம் சொன்னது ஒருமையில் இருப்பதுதானே பொருத்தம்! இன்னொன்று, 'இயேசு சொன்னார்' என்று நாம் படிப்பது கிரேக்கத் துண்டுகளில் 'இயேசு சொல்கிறார்' என்று நிகழ்காலத்தில் இருக்கிறது. நூலின் முதல் வரியே 'உயிரோடிருக்கும் இயேசு' பேசிய மறைவான வார்த்தைகள் என்றுதான் தொடங்குகிறது. அதனால் எங்கள் நோட்டில் எல்லா இடத்திலும் 'சொல்கிறார்' என்றே எழுதினோம்.

பதிப்புகளில் சதுர அடைப்புக்குறி வந்தால் அங்கே கண்டிப்பாக நிற்க வேண்டும். ஏடு ஓட்டையாகிப் போன இடம் அது. அடைப்புக்குள் இருப்பது பதிப்பாசிரியர் ஊகித்தது. எளிய மொழிபெயர்ப்புகள் அந்தக் குறியை எடுத்துவிட்டு, ஊகத்தை மூலம் போலவே அச்சடித்துவிடுகின்றன. 65-ஆவது வாக்கில் இதை நேராகப் பார்த்தோம். திராட்சத்தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டவன், விளைச்சலை வாங்கப்போன வேலைக்காரர்களை அடித்த குத்தகைக்காரர்கள், கடைசியில் கொல்லப்படும் மகன். மாற்கு 12-இல் நமக்குத் தெரிந்த உவமைதான். தோமாவில் தோட்டத்தின் சொந்தக்காரன் எப்படிப்பட்டவன் என்று ஒரு சொல் இருக்கிறது. அந்தச் சொல்லின் நடுவில்தான் ஓட்டை. 'க்ரே' என்று தொடக்கம் தெரிகிறது, 'ஸ்' என்று முடிவு தெரிகிறது. 'க்ரேஸ்தொஸ்' என்று நிரப்பினால் நல்ல மனிதன். 'க்ரேஸ்தேஸ்' என்று நிரப்பினால் கடன் கொடுத்து வாங்குகிறவன், நம் பேச்சில் வட்டிக்காரன். ஓர் உயிரெழுத்துதான் வித்தியாசம். அதை வைத்து நல்ல தகப்பனின் மகன் சாகிறான், அல்லது வட்டிக்காரனின் மகன் சாகிறான்.

என் மனைவியின் அப்பா குத்தகை நிலத்தில் பயிர் செய்தவர். "நல்லவனா இருந்தாத்தான் என்ன, விளைச்சல வாங்கத்தானே ஆள் அனுப்புறான்" என்றாள். நான் இந்த இடத்திலும் ஐயாவின் கேள்வியைத்தான் கேட்டேன். முந்தினது என்ன? 63: பணத்தைப் போட்டு விதைத்து, அறுத்து, களஞ்சியத்தை நிரப்பலாம் என்று கணக்குப் போட்ட பணக்காரன் அன்று ராத்திரியே சாகிறான். 64: விருந்துக்கு அழைத்தால் ஒருவனுக்கு வியாபாரிகளிடமிருந்து பணம் வரவேண்டியிருக்கிறது, ஒருவன் வீடு வாங்கியிருக்கிறான், இன்னொருவன் நிலத்துக்கு வாரம் வாங்கப் போகிறான், "வாங்குகிறவர்களும் வியாபாரிகளும் என் பிதாவின் இடங்களுக்குள் நுழைவதில்லை" என்று முடிகிறது. இந்த வரிசையில் மூன்றாவதாக வருகிறவன் வட்டிக்காரனாக இருந்தால் மூன்றும் ஒரே சரடு. நான் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன். ஆனாலும் எங்கள் நோட்டில் அந்த இடத்தை ஓட்டையாகவே விட்டு, ஓரத்தில் இரண்டு சொல்லையும் எழுதியிருக்கிறோம். புறநானூற்றில் 267, 268 கிடைக்கவில்லை என்று நாம் ஒத்துக்கொள்ளவில்லையா?

இந்த உவமையை வைத்துத்தான் அறிஞர்களின் பெரிய வழக்கும் எங்களுக்குப் புரிந்தது. தோமாவில் வேலி இல்லை, இரசத்தொட்டி இல்லை, கோபுரம் இல்லை. மாற்கு ஏசாயாவின் ஐந்தாம் அதிகாரத்திலிருந்து எடுத்துச் சேர்த்த அந்த விவரங்கள் இல்லாமல் கதை எளிமையாக இருக்கிறது. அதனால் தோமாவில் இருப்பது பழைய, தனி மரபு என்று ஹெல்முட் கோஸ்டர் போன்றவர்கள் வாதிட்டார்கள். எதிர்த்தரப்பில் மார்க் குட்எக்கரும் சைமன் கேதர்கோலும்; மற்ற சுவிசேஷங்களின் சாயல் தோமாவில் விழுந்திருக்கிறது என்பது இவர்கள் கட்சி. மகனை அனுப்பும்போது 'ஒருவேளை' என்று தோட்டத்தின் சொந்தக்காரன் தயங்குவது லூக்காவில் மட்டும் வரும் சொல். அது தோமாவிலும் இருக்கிறது. உவமை முடிந்ததும் 66-இல் வீடு கட்டுகிறவர்கள் தள்ளின கல் வருகிறது; மாற்குவிலும் அதே வரிசை. கேட்ட கதையாக இருந்தால் இந்தக் கல் எப்படி அதே இடத்தில் வந்து விழும் என்பது அவர்கள் கேள்வி. பனிப்பந்து உருளுவது போல ஒரு சிறு தொகுப்பு தலைமுறை தலைமுறையாகப் பெருத்தது என்று ஏப்ரல் டிகோனிக் மூன்றாவதாக ஒரு வழி சொல்கிறார்.

யாரை நம்புவது என்று நர்ஸ் அக்கா கேட்டார். நாங்கள் கண்ட வழி, பெரிய தாளை நான்காக மடித்து மத்தேயு, மாற்கு, லூக்கா, தோமா என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதி, ஒரே சொல் வரும் இடங்களில் கோடு போடுவது. நூறு பக்கம் வாதம் படிப்பதைவிட அந்த ஒரு தாள் அதிகம் சொன்னது. கல்லும் 'ஒருவேளை'யும் எனக்குக் கனமாகவே படுகின்றன. முழு நூலுக்கும் ஒரே தீர்ப்பு எழுத வேண்டியதில்லை. ஒவ்வொரு வாக்கையும் தனித்தனியே விசாரிக்கலாம்.

மயிலாப்பூர் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். எழுதியவர் பெயராக முதல் வரியில் இருப்பது 'திதிமு யூதா தோமா'. நம் வேதாகமத்தில் "திதிமு என்னப்பட்ட தோமா" என்று யோவான் சொல்வது நினைவிருக்கும். தோமா என்றால் அரமேய மொழியில் இரட்டையன், திதிமு என்றால் கிரேக்கத்தில் இரட்டையன். ஆக யூதா என்பது மட்டும்தான் பெயர், மற்ற இரண்டும் ஒரே பட்டம். தோமாவை 'யூதா தோமா' என்று அழைக்கும் வழக்கம் சிரியாவின் கிறிஸ்தவர்களுடையது. இந்தியாவுக்கு வந்த தோமாவின் கதையைச் சொல்லும் 'தோமாவின் நடபடிகள்' நூலும் அந்தப் பக்கத்தில் எழுந்ததுதான். இந்தச் சுவிசேஷத்தின் வேர் சிரியாவில் என்று பலர் சொல்வதற்கு இது முக்கியமான காரணம். பரங்கிமலைப் படியேறி ஜெபித்து வளர்ந்தவன் நான். அந்த மரபு எனக்கு உயிர். ஆனால் அந்தப் பாசத்தை வைத்து ஒரு நூலின் பிறந்த ஊரை மாற்றக்கூடாது. மூன்று வருஷம் கழித்து அதே வாலிபர் கூட்டத்தில் நேரம் கேட்டு வாங்கி, முன்பு பேசியதில் எது தப்பு என்று சொன்னேன்.

பிடிக்காத இடத்தையும் தாண்டிப் போகக்கூடாது. கடைசி வாக்கு, 114, மரியாளை வெளியே போகச் சொல்லும் பேதுருவோடு தொடங்கி, அவளை ஆணாக்குவேன் என்ற பதிலோடு முடிகிறது. அக்காவும் என் மனைவியும் அன்றைக்குக் கோபப்பட்டார்கள். நியாயமான கோபம். 22-ஆவது வாக்கு ஆணும் பெண்ணும் ஒன்றாகி, ஆண் ஆணாகவும் பெண் பெண்ணாகவும் இல்லாமல் போவதைப் பேசுகிறது. 114 பின்னால் ஒட்டப்பட்டது என்று சொல்லும் அறிஞரும் உண்டு. எனக்கு அது நூலைக் காப்பாற்றச் சொன்ன சமாதானம் போலப் படுகிறது. எங்கள் நோட்டில் அந்தப் பக்கத்தில் அக்காவின் கையெழுத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் இருக்கிறது.

போன மாதம் 97-ஐ எடுத்தோம். மற்ற நான்கு சுவிசேஷங்களிலும் இல்லாத உவமை இது. பிதாவின் ராஜ்யம், குடம் நிறைய மாவு சுமந்துகொண்டு நெடுந்தூரம் நடந்த ஒரு பெண்ணைப் போல. வழியில் குடத்தின் காது உடைந்தது. மாவு அவளுக்குப் பின்னால் வழியெல்லாம் கொட்டியது. அவளுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கி வைத்தாள், வெறுங்குடம்.

ஆங்கிலத்தில் 'கைப்பிடி' என்று போட்டிருந்தார்கள். மூலச் சொல் 'மாஜே', காது. தமிழிலும் நாம் பாத்திரத்துக்குக் காது என்றுதானே சொல்கிறோம், அப்படியே எழுதினேன்.

"எப்படித் தெரியாம இருக்கும்? பாரம் குறையுமே" என்றார் ஐயா.

அக்கா சின்ன வயதில் மில்லில் மாவு அரைத்துத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தவர். "கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சா தெரியாது ஐயா. அரிசின்னா கொட்டுற சத்தம் கேட்டுடும். மாவு விழுந்தா சத்தமே வராது" என்றார். பிறகு நோட்டை என் பக்கம் தள்ளினார். "முந்தின வரி என்ன தம்பி?"

புரட்டிப் பார்த்தேன். 96, கொஞ்சம் புளித்த மாவைப் பிசைந்த மாவுக்குள் மறைத்து வைத்துப் பெரிய அப்பங்கள் சுட்ட பெண்ணின் உவமை. அதன் கடைசி வரியைச் சத்தமாக வாசித்தேன்.

"காதுள்ளவன் கேட்கக்கடவன்."